கணக்கை அக்காவின் வயதிலிருந்து தொடங்கினோம்: சேலம் குடும்பம் ஒன்றின் ஓய்வுக்காலத் திட்டம்

2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம், அண்ணன் தன் டிவிஎஸ் வண்டியை என் அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு மஞ்சள் பையோடு உள்ளே வந்தார். பைக்குள் மில்லில் கொடுத்த பணி நிறைவுக் கடிதம், பிஎஃப் கணக்குத் தாள், முதிர்ந்துபோன எல்ஐசி பாலிசி, இரண்டு பாஸ்புக். 58 வயது முடிந்து ஜூன் கடைசியோடு வேலையிலிருந்து வந்திருந்தார். "எல்லாம் சேர்த்துப் பதினஞ்சு லட்சம் வருது தம்பி. எதுல போட்டா உக்காந்து சாப்பிடலாம், சொல்லு" என்றார்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். அதில் இந்தக் குடும்பத்தை எடுத்து எழுதக் காரணம், நான் முதலில் போட்டுக் கொடுத்த திட்டம் தப்பு என்று அக்கா ஒரே கேள்வியில் காட்டிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்பதால் அவரை அண்ணன், அவர் மனைவியை அக்கா என்றே எழுதுகிறேன். நான் அவர்களைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

கையில் இருந்தது

அண்ணன் சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். அதற்கு முன் பிஎஃப் பிடிக்காத பட்டறைகளில் பத்து வருடம் ஓடிப்போயிற்று. மில்லில் சேர்ந்தது 1997 ஜனவரி. கடைசிச் சம்பளம், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து, ரூ. 20,000.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கு எளிது. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். 27 வருடத்துக்கு ரூ. 3,11,538. பிஎஃப்பில் ரூ. 7,84,000. 2019-இல் மகள் கல்யாணத்துக்கு எடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் நாலு லட்சமாவது கூட இருந்திருக்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த வருடம் வேறு வழி இல்லை. எல்ஐசி முதிர்வு ரூ. 2,60,000. வங்கியில் வைப்பு ரூ. 2,00,000. கூட்டினால் ரூ. 15,55,538.

பென்ஷனில்தான் அண்ணன் ஏமாந்து நின்றார். கூட வேலை பார்த்தவர் யாரோ, "பதினஞ்சாயிரத்தை வருஷத்தால பெருக்கி எழுபதால வகு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். 27 வருடம், 20 வருடம் தாண்டியவர்களுக்குச் சேரும் 2 வருடம், ஆக 29. கணக்கு ரூ. 6,214 என்று வந்தது. ஆனால் கைக்கு வரப்போவது நாலாயிரத்தை ஒட்டித்தான். 2014 ஆகஸ்ட் வரைக்குமான வருடங்களுக்கு, பென்ஷன் கணக்குக்கு எடுக்கிற சம்பள உச்சவரம்பு ரூ. 6,500. அதற்குப் பின்னால் உள்ள வருடங்களுக்குத்தான் ரூ. 15,000. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுவார்கள். 1997-இலிருந்து வேலை பார்த்தவருக்குப் பெரும்பாலான வருடங்கள் பழைய வரம்புக்குள் விழுந்துவிடுகின்றன. பென்ஷன் வாங்கப் போகிறவர்கள் இதை ஓய்வுக்கு முன்னாடியே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. கடைசி மாதத்தில் தெரிந்தால் நெஞ்சு அடைத்துவிடும்.

இது போக சிவதாபுரத்தில் சொந்த வீடு. மாடியில் ஒரு போர்ஷன், வாடகை ரூ. 5,500. நகை 18 பவுன். ஓமலூர் பக்கம் 1,200 சதுர அடி மனை, அது அக்கா பெயரில்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு அப்போது 51. முப்பது வருடமாக வீட்டிலேயே கொலுசு வேலை. பட்டறையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள். கண்ணி கண்ணியாகக் கோத்துப் பற்றவைத்துக் கொண்டுபோனால் திரும்ப எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். அரை கிராம் குறைந்தாலும் கூலியில் கழியும். சேலம் கொலுசு ஊர் ஊராகப் போகிறது. ஆனால் அதைக் கோக்கிற பெண்களில் பிஎஃப் பிடித்தம் உள்ள ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு மாதம் சராசரி ஐயாயிரம் கூலி வரும். வெள்ளி விலை ஏறினால் வேலை குறையும். கண்ணும் முன்போல இல்லை, கண்ணாடி போட்டும் டியூப் லைட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தால்தான் கண்ணி தெரிகிறது.

நோட்டு

மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டதற்கு, அண்ணன் யோசிக்காமல் "பதினாலாயிரம் ஆகும்" என்றார். அடுத்த வாரம் அக்காவையும் கூட்டிவரச் சொன்னேன். அவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். மகன் பத்தாவது படிக்கும்போது மிச்சம் வைத்த கணித நோட்டு, கட்டம் போட்டது. ஒவ்வொரு பக்கமும் ஒரு மாதம். எடை போட்டே பழகின கை என்பதால் எட்டணா பாக்கியில்லாமல் எழுதியிருந்தார்.

மளிகை 5,000. பால் 1,800. காயும் பழமும் 2,000. கறி, மீன் 1,600. காஸ் 900. கரண்டும் ஃபோனும் 1,200. பெட்ரோல் 1,200. அண்ணனுக்குச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை 2,100. கடைசியில் மொய் 2,000. ரேஷன் அரிசி இட்லிக்கு ஆகிவிடுவதால் மளிகை இவ்வளவோடு நிற்கிறது. மொத்தம் ரூ. 17,800.

அண்ணன் மொய்யை எண்ணவே இல்லை. "அது செலவா தம்பி, திரும்பி வர்றதுதானே" என்றார். மகள் கல்யாணத்தில் வந்தாயிற்று, இனி மகன் கல்யாணத்தில்தான் வரும். நடுவில் ஒவ்வொரு வைகாசியும் ஆவணியும் போய்க்கொண்டேதான் இருக்கும். ஓய்வுக்காலக் கணக்குப் போடுகிறவர்கள் நம் ஊரில் முதலில் விடுவது இந்த மொய்யைத்தான்.

வருடத்துக்கு ஒருமுறை வருகிற செலவுகளைத் தனியாக எழுதினோம். தீபாவளி, பொங்கல், துணிமணி 12,000. வீட்டு வரி, தண்ணீர் வரி 4,000. வண்டிக்கு 3,000. புதிதாக எடுக்கச் சொன்ன மருத்துவக் காப்பீடு 29,000. ஆக 48,000, மாதத்துக்கு 4,000. எல்லாம் சேர்த்து மாதம் ரூ. 21,800. அண்ணன் சொன்னதைவிட ஏழாயிரத்து எண்ணூறு அதிகம்.

அக்கா கேட்டது

என் முதல் திட்டம் இப்படி இருந்தது: பிஎஃப், பணிக்கொடை முழுவதையும் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவது. வட்டி 8.2 சதவீதம், இருப்பதிலேயே அதிகம். மிச்சம் வங்கியில். எல்லாம் அண்ணன் பெயரில். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அண்ணன் தலையை ஆட்டிவிட்டார்.

அக்கா தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். "இவருக்கு அம்பத்தெட்டு, எனக்கு அம்பத்தொண்ணு. இவர் பேர்லயே எல்லாம் இருக்கு. இவருக்கு அப்புறம் நான் எத்தனை வருஷம் இருப்பேன்னு இதுல எங்க எழுதியிருக்கீங்க தம்பி?"

எங்கேயும் எழுதவில்லை. அண்ணனுக்கு 80 வயது என்று வைத்து 22 வருடத்துக்குக் கணக்குப் போட்டிருந்தேன். அண்ணன் 80 வரை இருந்தால் அக்காவுக்கு அப்போது 73. அவருடைய அம்மா 86 வயதில் இன்னும் ஆத்தூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். ஆக இந்தப் பணம் ஓட வேண்டியது 22 வருடம் இல்லை, 35 வருடம். அதில் கடைசிப் பத்துப் பதினைந்து வருடம் அக்கா ஒருத்தர் மட்டும், கொலுசுக் கூலியும் இல்லாமல்.

இது எனக்கு உறைக்க வேறு காரணமும் உண்டு. என் அப்பா 2008-இல் தவறிப்போனபோது, அவர் எந்த வங்கியில் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது. பீரோவில் பழைய பத்திரிகைக்கு அடியில் இருந்த ஒரு ரசீதை ஏழு மாதம் கழித்துக் கண்டெடுத்தோம். அந்த ஏழு மாதமும் அம்மா மருந்துக்குக்கூட என்னைக் கேட்டுத்தான் வாங்கினார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். அதைப் பார்த்தவனே மற்ற வீட்டுக்கு இப்படி ஒரு திட்டம் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கே தாளைத் திருப்பிப் போட்டு, அக்கா 86 வயது வரை என்று மேலே எழுதிக் கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அண்ணனுக்கு நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன வரும்? பென்ஷன் பாதியாகும், அதாவது ரூ. 2,000. மூத்த குடிமக்கள் கணக்கில் அக்காவைக் கூட்டாகச் சேர்க்கலாம், துணைவருக்கு வயது வரம்பு இல்லை. ஆனால் அண்ணனுக்குப் பின் அதே கணக்கைத் தொடர அவருக்கு 60 ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கை மூடிப் பணத்தை வாங்கிக்கொள்வதுதான் வழி. பணம் சண்டையில்லாமல் வரும், அதே வட்டி தொடராது. அரசின் அடல் பென்ஷனில் சேர்க்கலாமா என்று பார்த்தால், அந்தத் திட்டம் 2015-இல் வந்தபோது அக்காவுக்கு 42. அதில் சேர 40 வயதுதான் எல்லை. இரண்டு வருடத்தில் நழுவிப்போயிற்று. அடுத்துப் பார்த்த வழி பொற்கொல்லர் நலவாரியம், வெள்ளி வேலை செய்கிறவர்களும் அதில் சேரலாம். பதிவு இருந்தால் 60-க்குப் பிறகு மாத ஓய்வூதியம் உண்டு. தொகை சின்னதுதான். ஆனாலும் முப்பது வருட வேலைக்கு அவர் பெயரில் வருகிற ஒன்று அது. பதிவு செய்துவிட்டோம். புதுப்பிக்க வேண்டிய தேதியை நோட்டின் பின் அட்டையில் எழுதிக்கொண்டார்.

எதில் போட்டோம்

மூத்த குடிமக்கள் திட்டத்தில் 10 லட்சம். கூட்டுக் கணக்கு. கவுண்டரில் முதலில் "அறுபது ஆகலையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 55-க்கு மேல் 60-க்குள் ஓய்வு பெற்றவர், ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள், அந்தப் பலன் தொகைக்குள் போடலாம் என்று விதி இருக்கிறது. மில்லிலிருந்து ஓய்வு பெற்ற தேதியும் கொடுத்த தொகையும் எழுதின கடிதம் வாங்கிக் காட்டியதும் சரியாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூ. 20,500 வட்டி, மாதத்துக்கு ரூ. 6,833 என்று வைத்துக்கொள்ளலாம்.

அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 3 லட்சம், அக்கா பெயரில் தனியாக. வட்டி 7.4 சதவீதம், மாதம் ரூ. 1,850. பழைய வங்கி வைப்பு 2 லட்சத்தை இரண்டு ஒரு லட்சமாக உடைத்து அவசரத்துக்கு வைத்தோம். மீதி ஐம்பத்தைந்தாயிரத்துச் சொச்சத்தில் ரூ. 40,000 நகைக்கடனை அடைத்தோம், மிச்சம் காப்பீட்டுத் தவணைக்குப் போயிற்று.

வருமானத்தைக் கூட்டினால் பென்ஷன் 4,000, வாடகை 5,500, கூலி 5,000, 6,833, 1,850. மொத்தம் ரூ. 23,183. செலவு 21,800. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப முடிஞ்சுதுல்ல?"

முடியவில்லை. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும் (72-ஐ ஏறுகிற சதவீதத்தால் வகுத்தால், இரட்டிப்பாக ஆகும் வருடம் தோராயமாக வரும்). 2036-37 வாக்கில் இதே இட்லி, இதே மாத்திரைக்கு ரூ. 43,600 வேண்டும். பென்ஷனில் பஞ்சப்படி கிடையாது, நாலாயிரம் நாலாயிரம்தான். வட்டியும் அப்படியே. அக்காவுக்கு அப்போது 63, 64. கண் ஒத்துழைக்காது, கூலி இருக்காது. வாடகை பத்தாயிரம் ஆகியிருந்தாலும் மொத்தம் 22,700-ஐத் தாண்டாது. மாதம் இருபத்தோராயிரம் துண்டு விழும். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று சும்மா சொல்லவில்லை. நம் குன்றோ 15 லட்சம்தான்.

பணத்தைத் தேடி வந்தவர்கள்

நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று. அண்ணன் என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தார். எல்ஐசி பணம் கணக்கில் விழுந்ததும் வங்கியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "ஐயாவுக்கு நல்ல ஸ்கீம்" என்று ஒரு பத்து வருடத் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அவர் அதை டெபாசிட் என்று நினைத்திருந்தார். பையிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அது காப்பீட்டு பாலிசி. வருடம் ஒரு லட்சம் பத்து வருடம் கட்ட வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு! பத்திரம் கைக்கு வந்து 11 நாள் ஆகியிருந்தது. 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சின்னப் பிடித்தம் போகப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அன்று மாலையே கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினோம். மூன்று வாரத்தில் பணம் வந்தது. அந்த 30 நாள் தாண்டி என்னிடம் வந்து அழுதவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்து வந்தவர் அக்காவின் சித்தப்பா மகன். "மூணு வட்டி தர்றாங்க, மாசம் ஒண்ணாந்தேதி டாண்ணு விழுது" என்று ஒரு நிறுவனத்தின் பேரைச் சொன்னார். நம் பேச்சு வழக்கிலேயே இதை அளந்துவிடலாம். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். அரசு, மூத்த குடிமக்களுக்கு மனமிரங்கித் தருகிற 8.2 சதவீதம் என்பது மாதத்துக்கு 68 பைசா வட்டி. 68 பைசாவுக்கும் மூன்று ரூபாய்க்கும் நடுவில் இருப்பது லாபம் இல்லை, அடுத்து வருகிறவன் போடுகிற முதல். 1997-லேயே தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, பொருளாதாரக் குற்றப் பிரிவும் இருக்கிறது. புகார் கொடுக்கலாம், வழக்கு நடக்கும். அறுபது வயதுக்காரருக்குத் தேதிதான் கிடைக்கும், பணம் எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணன் போடவில்லை. சித்தப்பா மகன் நாலு லட்சம் போட்டிருந்தார். 2025 கோடையில் அங்கே ஷட்டர் இறங்கிவிட்டது.

மூன்றாவதாக வந்தவனை அப்படித் திருப்பி அனுப்ப முடியாது, சொந்த மகன். 26 வயது, சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் வேலை. பழைய லாரி ஒன்று வாங்க முன்பணம் ஐந்து லட்சம் கேட்டான். நல்ல பையன், உழைக்கிறவன். அண்ணன் மனசு கொடுக்கத்தான் சொன்னது. அக்கா அன்றைக்குச் சொன்னதை நான் மறக்க மாட்டேன்: "பட்டறையில குடுக்கும்போதும் எடை போடுறாங்க, வாங்கும்போதும் எடை போடுறாங்க. புள்ளைக்குக் குடுக்கறதை எந்தத் தராசுல போடுறது?"

இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. கடைசியில் அவசரப் பணத்திலிருந்து ஒரு லட்சம் கொடுத்தார்கள், எப்போது எவ்வளவு திருப்புவது என்று நோட்டில் எழுதி, மகனையே கையெழுத்துப் போடச் சொல்லி. மீதிக்கு அவன் வண்டிக்கடன் வாங்கிக்கொண்டான். எனக்கு அந்த ஒரு லட்சமும் மனசில்லைதான். ஆனால் பெற்றவர்களிடம் அதற்கு மேல் கேட்க முடியாது. இதுவரை ரூ. 60,000 திரும்பியிருக்கிறது.

ஓமலூர் மனை

துண்டு விழுகிற இருபத்தோராயிரத்துக்கு இந்தக் குடும்பத்தில் இருந்த ஒரே பதில் அந்த மனை. 2009-இல் ஏலச்சீட்டு எடுத்து, கூலிப் பணம் போட்டு, ரூ. 1,80,000-க்கு அக்கா வாங்கியது. அண்ணன் அதை விற்று ஏற்காட்டில் கொஞ்சம் இடம் வாங்கி, நாலு காபிச் செடி வைத்து, மிளகுக் கொடி ஏற்றிவிட்டு இருக்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாடியில் நின்றால் ஒரு பக்கம் கஞ்சமலை, இன்னொரு பக்கம் தூரத்தில் சேர்வராயன் மலை. காலையில் பல் விளக்கிக்கொண்டே அதைப் பார்ப்பவருக்கு ஆசை வராமல் எப்படி இருக்கும்?

நான் அதைத் தள்ளிவிடவில்லை. உட்கார்ந்து பேசினோம். மலையில் இடம் வாங்கினால் மருத்துவமனைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். வீடு கட்டச் சமவெளியைவிடச் செலவும் அனுமதியும் கூடுதல். காபி பலன் தர நாலு வருடமாவது ஆகும். எல்லாவற்றுக்கும் மேல், அண்ணனுக்கு அப்புறம் அக்கா அங்கே தனியாக இருப்பாரா? "நான் இருக்க மாட்டேன்" என்றார் அக்கா. அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "சரி, பஸ் இருக்கே" என்றார். இப்போது மாதம் ஒரு நாள் பஸ்ஸில் ஏறிப் போய், ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு, ஒரு கிலோ காபித்தூளோடு திரும்புகிறார்கள். அந்தச் செலவும் நோட்டில் ஒரு வரியாக ஏறிவிட்டது.

மனையை விற்க அக்காவுக்கும் லேசில் மனம் வரவில்லை. மண்ணில் போட்டது மண்ணாகவே இருக்கும், எங்கேயும் ஓடாது என்பது அவர் நம்பிக்கை. அதில் நியாயம் உண்டு. ஆனால் 64 வயதில் மாதம் இருபதாயிரம் வேண்டியபோது மனையில் மூலையை மட்டும் வெட்டி விற்க முடியாது. விற்றால் முழுசாக, அதுவும் வாங்குகிறவன் சொன்ன விலைக்கு. அவசரத்தில் விற்பதைவிட நிதானமாக இருக்கும்போது விற்பது மேல் என்பதை ஒப்புக்கொள்ள அவருக்குப் பத்து மாதம் ஆயிற்று. 2025 ஆடி போகட்டும் என்று காத்திருந்து ஆவணியில் பத்திரம் முடித்தோம். ரூ. 13,00,000.

வரி: லாபம் 11,20,000. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கின நிலம் என்பதால் இரண்டு வழியில் எது குறைவோ அதைக் கட்டலாம். விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் என்றால் ஒன்றே முக்கால் லட்சத்தை நெருங்குகிறது. குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் குறைவாக வந்தது. அக்காவுக்கு வேறு வருமானம் வருடம் ரூ. 82,200 மட்டுமே. நாலு லட்சம் வரை வரியில்லை என்பதில் மிச்சமிருந்த இடத்தை இந்த லாபத்தில் கழித்துக்கொண்டோம். கட்டியது ரூ. 1,04,000 சொச்சம். மனை அவர் பெயரிலேயே, அவர் கூலியிலேயே வாங்கப்பட்டது என்பதால்தான் இந்தக் கழிவு அவர் கணக்கில் கிடைத்தது.

கையில் நின்றது பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி. இது 2037 வரை தொடக்கூடாத பணம் என்று முதலிலேயே முடிவு. 8 லட்சத்தை நிஃப்டி 50 குறியீட்டு நிதியில், அதாவது ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளில் பிரிந்து போகிற பரஸ்பர நிதியில், மாதாமாதம் பிரித்துப் போடச் சொன்னேன். "எட்டு அஞ்சாகிப்போனா?" என்று அக்கா கேட்டார். ஆகும், 2020-இல் ஆயிற்று. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அந்த வருடம் முடிவதற்குள் ஏறியும் விட்டது, ஆனால் நடுவில் பயந்து எடுத்தவர்களுக்கு ஏறவில்லை. அதை மறைக்காமல் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "அப்ப ஆறு போடலாம். ஆறு விழுந்தா நான் தூங்குவேன், எட்டு விழுந்தா தூங்க மாட்டேன்" என்றார். என் கணக்கைவிட அவருடைய தூக்கம் நல்ல அளவுகோல் என்று ஆறுக்கே ஒத்துக்கொண்டேன். மாதம் 50,000 வீதம் 12 மாதம். மீதி ஆறு லட்சம் இரண்டு வங்கிகளில் மூன்று மூன்றாக, வட்டி முதலோடு சேர்கிற வைப்பு. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதால் பிரித்தோம்.

இனிஷியல்

பணத்தைவிட அதிக நாள் எடுத்தது இதுதான். மனைப் பத்திரத்தில் அக்கா பெயர் அவருடைய அப்பா இனிஷியலோடு. ஆதாரில் கணவர் இனிஷியல். பான் கார்டில் இனிஷியலை விரித்து முழுப் பெயர். அண்ணனின் பென்ஷன் தாளில் மனைவி பெயர் என்ற இடத்தில் வீட்டில் கூப்பிடுகிற பெயர். நாலு தாளில் நாலு அக்கா. அண்ணன் இருக்கும்போது இது ஒரு கையெழுத்து வேலை. அவருக்குப் பின் என்றால் ஒவ்வொரு கவுண்டரிலும், "இது நீங்கதான்னு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் திருத்த நாலு மாதம் ஆயிற்று. எல்லாக் கணக்கிலும் வாரிசு நியமனம் சரிபார்த்தோம். அண்ணன் உயில் எழுதினார், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு, வீடு அக்காவுக்கு அவர் ஆயுள் வரை, பிறகு பிள்ளைகள் இருவருக்கும் சமமாக. பதிவு செய்வது கட்டாயம் இல்லைதான், ஆனாலும் பதிவு செய்துவிட்டார்கள்.

ஒன்றரை வருடத்துக்குப் பின்

2025 பிப்ரவரியில் மழை இல்லாத ரோட்டில் மணலில் சறுக்கி அண்ணன் கை எலும்பு முறிந்தது. மருத்துவமனைச் செலவு ரூ. 72,000, காப்பீடு 58,000 கொடுத்தது. விபத்துக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. சர்க்கரை, பிரஷர் தொடர்பான சிகிச்சைக்குத்தான் மூன்று வருடம் ஓட வேண்டும். மீதி 14,000 அவசரப் பணத்திலிருந்து. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்றானதில் அடுத்த தவணை கொஞ்சம் இறங்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் வயது ஏற ஏறத் தவணையும் ஏறும், அதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

மாடி போர்ஷன் நாலு மாதம் காலியாகக் கிடந்தது. வாடகையை வருடம் 12 மாதமும் வரும் என்று எண்ணியது என் பிழை. இப்போது பத்து மாதம் என்றே எண்ணுகிறோம்.

இனி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்த 12 லட்சம், நிதியில் போட்டது 10 சதவீதமும் வைப்பு ஆறரையும் தந்தால், 2037-இல் 31 லட்சத்தை ஒட்டி இருக்கும். தரும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. தந்தாலும், அங்கிருந்து துண்டு விழுகிறதை எடுக்க எடுக்க, அக்காவின் 75-ஆவது வயதுக்குப் பக்கத்தில் கரைந்துவிடுகிறது. அதற்கப்புறம் அஞ்சலகத்தில் இருக்கிற 13 லட்சம் முதல், 18 பவுன், மாடி வீடு. 86 வரை முழுசாக மூடுகிற கணக்கு இன்னும் என் கையில் இல்லை. அண்ணன் ஒரு வொர்க்‌ஷாப்பில் வாரம் மூன்று நாள் போய்வருகிறார், ஆறாயிரம் வருகிறது. 65 வரை போவதாக இருக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வீட்டுச் செலவுக்குத் தொடாமல் அக்கா பெயரில் குறியீட்டு நிதிக்குப் போகிறது. இரண்டு மூன்று வருடமாவது தள்ளும்.

முதல் மாத வட்டி ரூ. 1,850-ஐ எடுக்க அக்கா தனியாகத்தான் அஞ்சலகத்துக்குப் போனார். அதற்கு முன் அவர் ஒருமுறைகூடப் பணம் எடுக்கும் சீட்டு எழுதியதில்லை. தேதி தப்பாக எழுதி, கிழித்து, திரும்ப எழுதியிருக்கிறார். அந்தக் கிழித்த சீட்டையும் நோட்டுக்குள் வைத்திருக்கிறார்.

அடுத்து சித்திரையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். மாடியில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது, மாற்ற ரூ. 18,000 ஆகுமாம். எதிலிருந்து எடுப்பது என்று அண்ணன் ஃபோனில் என்னைக் கேட்டார். பின்னால் அக்கா குரல் கேட்டது: "நோட்டுல எழுதியாச்சுன்னு சொல்லுங்க."